பரிப்ரச்னமும் மூளைப்புயலும்: ஒரு சொல்லின் வழித்தடம்

(நீண்ட பதிவு. பொழுதுள்ளோர் வாசிக்கலாம்.)

மேலாண்மைப் பாடநூல்களிலும் நிறுவனப் பயிற்சி வகுப்புகளிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. புதிய யோசனை வேண்டும்போது பலரையும் ஓர் அறையில் கூட்டி, மனத்தில் தோன்றுவதையெல்லாம் சொல்லச் செய்யும் ‘பிரெயின்ஸ்டார்மிங்’ முறை அமெரிக்கருடையது அன்று என்பதே அச்செய்தி. இந்தியாவில் இந்து ஆசிரியர்கள் 400 ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கையாண்டு வந்தனராம், அதன் பெயர் ‘பிராய்-பர்ஷனா’வாம், ‘பிராய்’ என்றால் ‘உனக்கு வெளியே’, ‘பர்ஷனா’ என்றால் ‘கேள்வி’யாம். இதைக் கேட்டவுடன் வகுப்பில் ஒரு பெருமிதப் புன்னகை பரவும். மொழியியல் பயின்றவர்க்கோ புன்னகைக்கு முன் புருவம் உயரும். எந்த இந்திய மொழியில் இப்படி ஒரு சொல் இருக்கிறது?

செய்தியின் ஊற்றுக்கண் ஒரு இந்தியர் அல்லர். பிரெயின்ஸ்டார்மிங்கை வகுத்தவராக அறியப்படும் அலெக்ஸ் ஆஸ்போர்னே அதை எழுதி வைத்தார். 1888இல் பிறந்த ஆஸ்போர்ன் விளம்பரத் துறைக்காரர். பேட்டன், பார்ட்டன், டர்ஸ்டைன் அண்டு ஆஸ்போர்ன் என்னும் நிறுவனத்தின் பெயரில் கடைசியாக நிற்பவர். 1930களின் இறுதியில் அந்நிறுவனம் தள்ளாடியது. பங்காளியான டர்ஸ்டைன் 1939இல் விலகினார். விளம்பர நிறுவனத்தின் சரக்கு யோசனை ஒன்றுதான்; அது வற்றினால் கடையை மூடவேண்டியதுதான். அந்த நெருக்கடிக் காலத்தில் ஆஸ்போர்ன் தம் ஊழியரைச் சிறு குழுக்களாக உட்கார வைத்து யோசனை திரட்டத் தொடங்கினார். 1942, 1948, 1953 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நூல்கள் அம்முறையை உலகெங்கும் கொண்டு சேர்த்தன. விதிகள் நான்கு: எந்த யோசனையையும் அமர்வின்போது குறைகூறாதே, கட்டற்ற கற்பனையை வரவேற்பாய், எண்ணிக்கை பெருகட்டும், பிறர் சொன்னதோடு உன்னுடையதை ஒட்டி வளர்.

‘பிரெயின்ஸ்டார்ம்’ என்னும் சொல்லுக்கும் ஒரு முன்கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது திடீரென எழும் மனக்கலக்கத்தைக் குறித்தது. நியூயார்க்கில் கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்டு வைட்டைச் சுட்டுக் கொன்ற ஹாரி தாவின் வழக்கு 1907இல் நடந்தபோது, கொலை செய்த கணத்தில் அவன் ‘மூளைப்புயலுக்கு’ ஆட்பட்டிருந்தான் என்னும் வாதம் செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. கொலைக்குச் சமாதானமாக நீதிமன்றம் ஏறிய சொல் ஒரு தலைமுறைக்குள் விளம்பர அலுவலகத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது. சொற்பொருள் மாற்றத்தைப் பாடம் நடத்துவோர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் அமையாது. தமிழில் இன்று ‘மூளைப்புயல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுவோர் அறியாமலேயே அந்தப் பழைய பித்தையும் சேர்த்தே பெயர்த்து விடுகின்றனர். இப்பதிவில் நானும் அச்சொல்லையே ஆள்கிறேன், பிடித்திருப்பதால்.

இனி ‘பிராய்-பர்ஷனா’வுக்கு வருவோம். ஆஸ்போர்ன் தரும் பொருள் விளக்கத்தில் உறுதியாகப் பற்றிக்கொள்ளத் தக்கது ‘கேள்வி’ என்பது மட்டுமே. வடமொழியில் கேள்விக்குப் ‘பிரச்னம்’ என்று பெயர். அதற்கு முன் ‘பரி’ என்னும் முன்னொட்டைச் சேர்த்தால் ‘பரிப்ரச்னம்’. சுற்றிச் சுற்றி, முழுதுமாக வினவுதல். பகவத்கீதை 4ஆம் அத்தியாயத்தின் 34ஆம் சுலோகத்தில் இச்சொல் வருகிறது. ஞானிகளிடமிருந்து ஞானத்தைப் பெறும் வழிகளாக அங்கே பணிதல், பரிப்ரச்னம், தொண்டு ஆகிய மூன்று சொல்லப்படுகின்றன. ஆசிரியர், சமயம், கேள்வி ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்த இடம் அது. ‘பிராய்-பர்ஷனா’ பெரும்பாலும் இதன் சிதைவாகவே இருக்கவேண்டும் என்பது என் கணிப்பு.

சிதைவு நேர்ந்த விதத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். ஆங்கில எழுத்தில் ‘பரி’ நான்கு எழுத்து. நடுவிலுள்ள இரண்டும் இடம் மாறினால் ‘பிராய்’ கிடைத்துவிடும். தட்டச்சுக்காரரின் விரல் ஒருமுறை தடுமாறினால் போதும். ‘பிரச்ன’ ‘பர்ஷனா’ ஆனதோ காதின் வேலை. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் பகரம் மூச்சொலியோடு வெடித்து வரும். நம் பகரத்தில் அம்மூச்சு இல்லை. ஆகவே ஆங்கிலக் காதுக்கு நம் பகரம் பெரும்பாலும் ஒலிப்புடைய பகரமாகவே, அதாவது ‘பந்து’ என்பதை நாம் ஒலிப்பதுபோலவே, விழும். மெய்ம்மயக்கத்தின் இடையே ஓர் உயிர் நுழைவதும் இயல்பு. அதே ‘பிரச்ன’த்தை நாம் ‘பிரச்சினை’ என்றும் ‘பிரச்சனை’ என்றும் ஆக்கிக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். ஒலியை மட்டுமா மாற்றினோம்? கேள்வி என்னும் பொருளைத் தொல்லை என்றும் மாற்றிவிட்டோம். அலுவலகத்தில் ஒருவர் “ஒரு பிரச்சினை” என்று தொடங்கும்போது எவரும் கேள்வியை எதிர்பார்ப்பதில்லை.

வேறு வழிகளும் இல்லாமல் இல்லை. ‘உனக்கு வெளியே’ என்னும் விளக்கத்துக்குப் ‘பரி’யைவிடப் ‘பர’ (பிற, அப்பாற்பட்ட) நன்றாகப் பொருந்தும். கையெழுத்தை வாசித்தவர் ஓர் எழுத்தைத் தவறாகக் கொண்டார் என்றால் பின்பாதி ‘தர்ஶன’மாகவும் இருக்கலாம், ஆனால் அது காட்சியாகும், கேள்வி ஆகாது. இந்தி பேசும் நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தபோது அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது மழை. ‘வர்ஷண’த்தின் வகரம் வடக்கே பகரமாவது வழக்கம்தானே! புயலைத் தேடிப் போனவருக்கு மழை கிடைத்த அழகை ரசிக்கலாம். சான்றாகக் கொள்ள முடியாது.

சொல் கிடைத்தால் முறையும் கிடைத்ததாகாது. கீதையின் பரிப்ரச்னத்தில் ஒருவர் அறிந்தவர், மற்றவர் அறியாதவர்; அறியாதவர் பணிந்து வினவுகிறார். மூளைப்புயல் அமர்வில் விடை எவரிடமும் இல்லை, அதனால்தான் கூடுகிறார்கள். ஒரு குழு சென்று வினவிய காட்சி வேண்டுமென்றால் பிரச்ன உபநிடதத்தில் இருக்கிறது. ஆறு பேர் பிப்பலாத முனிவரிடம் போகின்றனர். அவரோ, முதலில் ஓராண்டு தவமும் அடக்கமுமாக இங்கே தங்குங்கள், பிறகு கேளுங்கள், எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன் என்கிறார். ஆறு கேள்விகளுக்கும் விடை ஒரே வாயிலிருந்துதான் வருகிறது. ஆஸ்போர்ன் சொல்லும் 400 ஆண்டுக் கணக்குக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. இரண்டுமே அதைவிட மிக மிகப் பழையன.

ஓர் அமெரிக்க விளம்பரக்காரர் தம் நூலில் போகிற போக்கில் எழுதிச் சென்ற ஒரு சிதைந்த சொல்லை நாம் சான்றிதழாகச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டோம். இன்னொரு புறம், யோசனை வற்றிய தொழிலாளி என்ன செய்யவேண்டும் என்பதை நேரக்கணக்கோடு எழுதிவைத்த நூல் ஒன்று நம்மிடம் உண்டு. 1916இல் பரோடாவின் கெய்க்வாட் கீழைநூல் வரிசையில் முதல் எண்ணாகவே அச்சேறிய நூல் அது. பயிற்சி வகுப்புகளில் அதன் பெயரை எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

நூலின் பெயர் காவ்யமீமாம்சை. இயற்றியவர் ராஜசேகரர். 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கன்னோஜியில் கூர்ஜரப் பிரதிஹார மன்னர்களின் அவையில் வாழ்ந்தவர். அவருடைய மனைவி அவந்திசுந்தரியின் கருத்துகளை அவர் பெயர் சொல்லியே இந்நூலில் எடுத்தாள்கிறார். ஆண்களைப் போலவே பெண்களும் கவிஞராகலாம், திறம் ஆன்மாவைச் சார்ந்தது, ஆண் பெண் வேறுபாட்டைச் சார்ந்ததன்று என்றும் எழுதுகிறார். அவைப்புலவர் என்பவர் சம்பளக்காரர் என்பதை மறந்துவிடலாகாது. விழா வந்தால் பாட்டு வேண்டும். அரசன் ஓரடி கொடுத்தால் மீதி மூன்றும் வேண்டும். ‘இன்று மனம் ஓடவில்லை’ என்பது அவருக்கும் வயிற்றுப்பாட்டுச் சிக்கல்தான். ஆகவே 10ஆம் அத்தியாயத்தில் கவிஞனின் ஒரு நாளை ராஜசேகரர் யாமம் யாமமாகப் பங்கிடுகிறார்.

பகலுக்கு நான்கு யாமங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மணிநேரம். முதல் யாமம் படிப்புக்கு. காலை வழிபாடு முடித்துப் படிப்பறையில் வசதியாக அமர்ந்து, கவிதைக்குத் துணையான கலைகளையும் நூல்களையும் பயிலவேண்டும். புதிதாக மனத்தில் பதிந்தவற்றைப் போலக் கற்பனையைத் தூண்டுவது வேறில்லை என்பது இதற்கு அவர் சொல்லும் காரணம். ஊற்று வற்றியதென்று புலம்புவோர்க்கு அவர் சொல்லும் முதல் மருந்து, தோண்டுவதற்கு முன் நீர் வார்க்க வேண்டும் என்பதே. இரண்டாம் யாமத்தில்தான் எழுதத் தொடங்குகிறான். நண்பகலில் குளியல், உணவு. மூன்றாம் யாமம் கவிக் கூட்டத்துக்கு. அதாவது அக்காலத்தின் குழு அமர்வுக்கு.

அந்தக் கூட்டத்தில் நடந்தவை ஆஸ்போர்னின் அமர்விலிருந்து முற்றிலும் வேறானவை. வினா விடைப் புதிர்கள், எழுத்துப் பயிற்சி, சித்திரகவி, சமஸ்யை. சமஸ்யை என்பதைத் தமிழர்க்கு விளக்கவேண்டியதில்லை. ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்லும் வழக்கம் நம் தனிப்பாடல் மரபில் ஊறியது. இதற்கான கதைகள் 16ஆம் நூற்றாண்டில் பல்லாளர் தொகுத்த போஜப்பிரபந்தத்தில் நிறைய உண்டு. 11ஆம் நூற்றாண்டுப் போஜனின் அவையில் காளிதாசனையே கொண்டுவந்து உட்கார வைத்துவிடும் நூல் அது. வரலாற்றுக்கு உதவாது, மனப்பயிற்சிக்கு உதவும். ஒரு கதையில் பொருளே இல்லாத, டகர ஒலிகள் மட்டும் அடுக்கிய ஓரடி தரப்படுகிறது. அது இளம்பெண்ணின் கையிலிருந்து நழுவிய பொற்குடம் படிக்கட்டில் உருண்டு விழும் ஓசை என்று காளிதாசன் முடித்துவிடுகிறான்.

மூளைப்புயல் அமர்வு கட்டுகளை அவிழ்த்துவிட்டால் யோசனை பெருகும் என்று நம்புகிறது. சமஸ்யையோ முடிந்தவரை கட்டை இறுக்குகிறது. எதை வேண்டுமானாலும் சொல் என்றால் வாயடைத்து நிற்கும் மனம், இந்த ஒலியில்தான் முடியவேண்டும் என்றால் உடனே ஓடத் தொடங்குவதை வகுப்பெடுத்தவர்கள் கண்டிருப்பார்கள். “உங்களுக்குப் பிடித்த தலைப்பில் கட்டுரை எழுதுக” என்னும் கேள்விக்கு மாணவர் விழிப்பதைப் போல் வேறெதற்கும் விழிப்பதில்லை.

நான்காம் யாமம் தீர்ப்புக்கு. காலையில் எழுதியதைத் தனியாகவோ அளவான சிலரோடோ அமர்ந்து சோதிக்கவேண்டும். ஏன் காலையிலேயே சோதிக்கக் கூடாது? உணர்ச்சி வேகத்தில் எழுதுபவனுக்குப் பகுத்துப் பார்க்கும் கண் இருக்காது என்கிறார் ராஜசேகரர். மிகுந்ததை நீக்கு, குறைந்ததை நிரப்பு, இடம் மாறியதை மாற்று, மறந்ததை நினைவுகூர். சோதனையில் தேறியதை இரவின் முதல் யாமத்தில் படியெடுக்கவேண்டும். ஆக்குவதையும் அளப்பதையும் வெவ்வேறு நேரத்துக்கு ஒதுக்கவேண்டும் என்பதே ஆஸ்போர்னின் முதல் விதியின் உயிர்நாடி. அது இங்கே தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ராஜசேகரரே மூளைப்புயலைக் கண்டுபிடித்தார் என்று எவரேனும் ஸ்லைடு தயாரித்தால் நான் கையெழுத்திட மாட்டேன். அவருடைய ஆக்கும் நேரம் தனிமையில் கழிகிறது. கூட்டம் விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் மட்டுமே.

இந்த வேறுபாடு சிறிதன்று. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் ஆகிய மூவர் 96 மாணவர்களை வைத்து ஆஸ்போர்னின் முறையைச் சோதித்தனர். நால்வர் கொண்ட குழுக்கள் 12. தனியே அமர்ந்தவர்கள் 48 பேர். பிறகு தனியாட்களையும் தாளில் நால்வர் நால்வராகச் சேர்த்து, ஒரே யோசனை மீண்டும் வந்தால் ஒருமுறை மட்டும் எண்ணினர். மனிதர்க்கு ஒவ்வொரு கையிலும் கூடுதலாக ஒரு கட்டைவிரல் முளைத்தால் என்ன ஆகும் என்பது கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று. தனியே யோசித்தவர்களின் தொகை, சேர்ந்து யோசித்த குழுக்களின் தொகையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 1987இல் டீலும் ஸ்ட்ரோபேயும் காரணங்களைப் பிரித்துப் பார்த்தனர். கூச்சமோ சோம்பலோ முதன்மைக் காரணமாகத் தெரியவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறதே, அந்தக் காத்திருப்புதான் யோசனையை விழுங்குகிறது. தன் முறை வருவதற்குள் நினைத்தது மறக்கிறது. மறக்காமல் பிடித்து வைத்திருக்கும் முயற்சியில் அடுத்தது தோன்றாமல் போகிறது. ஆஸ்போர்னுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: குழு அமர்வு தனிச் சிந்தனைக்குத் துணை மட்டுமே என்று அவரே எழுதினார். நிறுவனங்கள் துணையை வைத்துக்கொண்டு முதலை விட்டுவிட்டன. தனியாளின் சிந்தனையை நாட்குறிப்பில் காட்ட முடியாது, கூட்டத்தைக் காட்டலாம்.

ராஜசேகரரின் கருவிப் பட்டியலையும் சொல்லாமல் விட மனமில்லை. கவிஞன் அருகில் எப்போதும் இருக்கவேண்டியவை: பலகையும் சுண்ணக்கட்டியும் வைத்த பேழை, எழுதுகோலும் மைக்கூடும், ஓலை அல்லது பூர்ஜமரப் பட்டை, இரும்பு எழுத்தாணி; இவற்றோடு நன்றாகத் துடைத்து மெழுகிய சுவர்கள். ஆம், சுவர்கள். இன்றைய கூட்ட அறைகளில் வெள்ளைப் பலகை மாட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சுவர் நினைவுக்கு வருகிறது. இவையே கவிக்குரிய துணைக்கருவிகள் என்று ஆசிரியர்கள் சொல்வதாகக் கூறிவிட்டு, கற்பனையே கருவி என்று தம் கருத்தை ஒரு வரியில் வைத்துவிட்டு நகர்கிறார்.

கவிதையில் ஆழ்ந்து மனம் சோர்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் விடை உண்டு. ஆளற்ற இடத்துக்குப் போகவேண்டும்; அல்லது ஆணையால் வாய்மூடிய பணியாளர் சூழ்ந்த இடத்தில் இருக்கவேண்டும். இந்த இரண்டாம் வழியைப் படிக்கும்போது சற்றே நிற்கவேண்டியிருக்கிறது. ஒருவரின் கற்பனைக்காக எத்தனை பேர் வாய்மூடி நின்றிருப்பார்கள்! சோலையும் ஊஞ்சலும் நீர்த்தூவி மண்டபமும் உள்ள வீட்டை முன்வைத்து எழுதப்பட்ட நாளொழுங்கு இது. ஆனால் எல்லாக் கவிஞர்க்கும் அவ்வீடு வாய்க்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எழுதும் நேரத்தை வைத்துக் கவிஞரை நான்காகப் பிரிக்கிறார். கதிரவனையே காணாமல் உள்ளறையில் அமர்ந்து ஓயாது எழுதுபவர் ஒருவர். மனம் பொருந்தி அமர்ந்தபோது எழுதுபவர் ஒருவர். ஏதேனும் ஒரு நிகழ்ச்சி வந்தால் மட்டும் எழுதுபவர் ஒருவர். மற்றொருவருக்குத் ‘தத்தாவசரர்’ என்று பெயர்: செய்யும் பணிக்குக் குறைவராமல், கிடைத்த ஓய்வில் எழுதுபவர். விடியற்பொழுதும், உண்ட பின்னுள்ள சிறுபொழுதும் இவருக்கு வாய்த்த நேரங்கள். பகுதிநேர ஆய்வாளர்களே, உங்களுக்கு வடமொழியில் ஆயிரத்து நூறாண்டுப் பழமையான பெயர் ஒன்று இருக்கிறது.

அவையின் அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். அரசன் அமைக்கவேண்டிய கவிமண்டபத்துக்குப் 16 தூண்கள், 4 வாயில்கள். வடக்கே வடமொழிக் கவிஞர், கிழக்கே பிராகிருதக் கவிஞர், மேற்கே அபப்பிரம்சக் கவிஞர், தெற்கே பூதமொழி எனப்பட்ட பைசாசியின் கவிஞர். அபப்பிரம்சக் கவிஞரை அடுத்து ஓவியர், மணி பதிப்போர், பொற்கொல்லர், தச்சர், கருமார். பிராகிருதக் கவிஞரை அடுத்துக் கூத்தர், பாடகர், இசைக் கருவியாளர். பலதுறைக் குழு என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுவதைக் காட்டிலும் கலப்பு மிகுந்த அவை இது. ஆனால் எவர் எங்கே அமர்வது என்பதில் படிநிலையும் துலக்கமாகவே தெரிகிறது.

கடைசியாக, யோசனை எவருடையது என்னும் வினா. மூளைப்புயல் அமர்வில் பிறந்ததெல்லாம் குழுவுக்குச் சொந்தம் என்பார்கள். அறிக்கையில் ஏறும்போது அது பெரும்பாலும் மேசையின் தலைமாட்டில் அமர்ந்தவருக்குச் சொந்தமாகியிருக்கும். இளநிலை ஊழியர்கள், ஆய்வு மாணவர்கள், குறிப்பாகப் பெண்கள் இதை அறிவார்கள். காவ்யமீமாம்சை இதில் வியக்கத்தக்க அளவுக்கு உலகியல் அறிந்த நூல். பிறர் பாட்டைக் கவர்வதன் வகைகளைப் பற்றி அத்தியாயக் கணக்கில் பேசுகிறது. புதிதாக எழுதியதைத் தனியொருவர் முன் படிக்காதே, அவர் அதைத் தமது என்று சொல்லிவிட்டால் எந்தச் சாட்சியை வைத்து வெல்வாய் என்று கேட்கிறது. பலர் அமர்ந்த அவையில் படி என்பதன் பொருள், அவை ஒரு சாட்சிக் கூடம் என்பதுதான். கூட்டத்தின் பயனை யோசனைகளின் எண்ணிக்கையால் அளந்த ஆஸ்போர்னுக்கு இந்தக் கோணம் தோன்றியதாகத் தெரியவில்லை. சாட்சிகள் நிறைந்த அறையில், நாள் குறித்த குறிப்பேட்டில் சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கத்தை மட்டும் நம் துறைக் கூட்டங்களில் கொண்டுவந்தால் போதும். பல மனக்கசப்புகள் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

அதே இடத்தில் இன்னொரு தடையும் உண்டு: பாதி எழுதியதைப் படித்துக் காட்டாதே, காட்டினால் அது முடியாமலே போகும். முனைவர் பட்ட ஆய்வாளர் எவரும் இதைத் தம் நெறியாளரிடம் எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். மாதந்தோறும் அவர்கள் கேட்பது பாதி எழுதிய இயலைத்தான்.